ட்ரைபாடின் நடுத்தண்டைக் கழற்றிவிட்டு லேத்தில் ஒரு துண்டு கடைந்து போட்டேன்

சோமனூரில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய அலுமினியத் துண்டை ட்ரைபாடில் (கேமரா நிற்கும் முக்காலி) மாட்டிய பிறகுதான் 150-600 மிமீ டெலி லென்ஸில், அதாவது தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸில், எனக்கு ஒழுங்கான படம் விழ ஆரம்பித்திருக்கிறது. துண்டு என்னவோ சின்னதுதான். மேலே 60 மிமீ வட்டம், கீழே 40 மிமீ நீளத்துக்கு ஒரு தண்டு, இரண்டு முனையிலும் திருகு, அவ்வளவே. ஆனால் அதைக் கடையக் கொடுப்பதற்கு முன்னும் மாட்டிய பின்னும் ஒவ்வொரு லென்ஸாகப் போட்டுப் பார்த்ததில், ஒரே ட்ரைபாடில் ஒவ்வொரு லென்ஸும் ஒவ்வொரு காரணத்தால் கலங்குகிறது என்று தெரிந்தது. ஒன்றுக்குச் செய்த வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகவில்லை. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கேமரா 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார்) கேனான் டிஎஸ்எல்ஆர். லென்ஸ்கள், எல்லாம் மிமீ கணக்கில், அகலமாக எடுக்கும் 10-18, 50 எஃப்/1.8, ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசர் இல்லாத பழைய 100 மேக்ரோ (சின்னப் பொருளைப் பெரிதாக எடுப்பது), அப்புறம் இந்த 150-600, அது மட்டுமே 2 கிலோவுக்குப் பக்கம். ட்ரைபாட் அலுமினியம், நாலடுக்குக் கால், மேல்குழாய் 28 மிமீ, கேமராவைத் திருப்பிப் பூட்டும் பால் ஹெட் சேர்த்து 7,500 ரூபாய். பெட்டியில் 8 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. தாங்கத்தான் செய்கிறது, சாயவில்லை. ஆனால் தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. அந்த எண்ணைப் பார்த்து ட்ரைபாட் வாங்காதீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். 10 மிமீ லென்ஸில் படம் ஒரு பிக்சல் நகரும் அளவுக்குக் கேமரா ஆடினால், அதே ஆட்டம் 600 மிமீ லென்ஸில் 60 பிக்சல். என் சென்சாரில் ஒரு பிக்சல் 3.7 மைக்ரான், 600இல் 100 மீட்டர் தூரத்தில் அது வெறும் 0.6 மிமீ. அதாவது நூறு மீட்டர் தள்ளி இருக்கும் பறவையின் இறகில் ஒரு நூலளவு அசைவுகூடப் படத்தில் வந்துவிடும். அகல லென்ஸில் கல் மாதிரி நின்ற ட்ரைபாட் டெலியில் ஆடுகிறது என்றால் ட்ரைபாட் திடீரென்று கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை, எப்போதும் இருந்த ஆட்டம் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

முதல் வேலை, எந்த இடம் ஆடுகிறது என்று கண்டுபிடிப்பது. பல்லடம் பக்கம் சித்தப்பா தோப்பில் மோட்டார் ரூம் சுவரில் ஒரு நாளிதழ்த் தாளை ஒட்டினேன், 20 மீட்டர் தள்ளி ட்ரைபாடை வைத்தேன். மோட்டாரை நிறுத்திவிட்டு, விடிகாலையில், காற்று எழும்பும் முன்னால். லென்ஸ் 600இல், லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் நேரடியாகப் பார்ப்பது) 10 மடங்கு பெரிதாக்கி, ஒரு எழுத்தைத் திரை நடுவே வைத்துக்கொண்டு, லென்ஸின் முனையில் இருக்கும் ஹூடை விரலால் லேசாகத் தட்ட வேண்டும். எழுத்து துடிக்கும், அது அடங்கி நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்க வேண்டும். நடுத்தண்டை (கால்களுக்கு நடுவே ஏற்றி இறக்கும் தண்டு) முழுக்கத் தூக்கி வைத்தபோது ஆறு விநாடிக்கு மேல் ஆனது. தண்டை அடிவரை இறக்கிய பிறகும் நாலு விநாடி. இரண்டு விநாடி டைமர் வைத்து எடுத்த படமெல்லாம் ஏன் இரட்டைக் கோடாக வந்தது என்பதற்கு இதுவே போதும், பட்டனை அழுத்திய அதிர்வு அடங்குவதற்குள்ளேயே ஷட்டர் திறந்திருக்கிறது.

அடுத்து, அதே திரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு மூட்டாக விரலால் அழுத்தினேன். இது நல்ல சோதனை, செலவே இல்லை, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். காலின் அடியில் அழுத்தினால் எழுத்து கொஞ்சம் நகர்ந்து பழைய இடத்துக்கே வந்தது. கால் மூட்டில் அழுத்தினாலும் அப்படித்தான். நடுத்தண்டின் தலையில், ஹெட் உட்காரும் இடத்துக்குக் கீழே அழுத்தினேன், எழுத்து திரையை விட்டே போய்விட்டது. லென்ஸின் காலர் (லென்ஸை ட்ரைபாடில் மாட்டும் வளையம்) அடியில் அழுத்தினால் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு நகர்ந்தது, விட்டால் முழுசாகத் திரும்பவில்லை. ஆக இரண்டு இடம்: தண்டு, லென்ஸ் அடிப் பிளேட். கால்கள் அல்ல. அதற்கு முன்னால் வரை கார்பன் ஃபைபர் கால் வாங்கினால் சரியாகிவிடும் என்று விலை பார்த்துக்கொண்டிருந்தேன், அதே மாதிரித் தண்டு வைத்த கார்பன் ட்ரைபாடாக இருந்தால் இருபதாயிரம் போட்டும் இதே ஆட்டம்தான் இருந்திருக்கும்.

தண்டின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் பார்த்தால் 27.85 மிமீ, அது நுழையும் பிளாஸ்டிக் புஷ்ஷின் உள்விட்டம் 28.1. இந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளிதான் மேலே போய்ப் பெரிதாகிறது.

எல்லோரும் சொல்வது போல் அடியில் பையைத் தொங்கவிட்டும் பார்த்தேன். தண்டின் கொக்கியில் 4 கிலோ மணல் பை. காற்றில்லாத காலையில் நாலு விநாடி மூன்றரை ஆனது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை, ஏனென்றால் பை காலைத்தான் அழுத்துகிறது, புஷ்ஷில் இருக்கும் இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. ஆடி மாதத்தில் இதைச் செய்தால் நிலைமை இன்னும் மோசம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் எப்படி வீசும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சும்மாவா இத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றில் தொங்கும் பை ஊஞ்சலாடி ட்ரைபாடையும் சேர்த்து ஆட்டியது. கயிற்றை நீளமாக விட்டு, பையின் அடி பாதி தரையில் உட்காரும்படி வைத்தால் ஊஞ்சல் நின்றுவிடுகிறது. இதை மட்டும் இப்போதும் செய்கிறேன்.

சரி, தண்டே வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான் பேப்பரில் வரைந்து கொண்டுபோனது பழைய தண்டையே 50 மிமீ நீளத்துக்கு வெட்டின மாதிரி ஒரு துண்டு, தண்டை இறுக்கும் அதே லாக் வளையம் பிடித்துக்கொள்ளும் என்ற எண்ணம். பட்டறைக்கார அண்ணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, இது எதுக்குங்க?”

“கேமரா ஸ்டாண்டுக்குங்ணா. இப்ப இருக்கறது ஆடுதுங்க.”

“ஆடக்கூடாதுன்னா அப்பறம் எதுக்குங்க மறுபடி புஷ்ஷுல போடறீங்க? தோள் வெச்சுக் கடைஞ்சு தர்றேன், அது வார்ப்பு மேலயே நேரா உக்காரட்டும். அடியில இருந்து ஒரு போல்ட் போட்டு இழுத்துப் புடிங்க. புஷ் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லீன்னாலும் ஒண்ணுதான்.”

இந்த ஒரு யோசனைதான் முழு வேலையையும் மாற்றியது. ட்ரைபாடின் லாக் வளையத்தைத் திருகிக் கழற்றினால் உள்ளே வார்ப்பின் (மூன்று கால்களும் சேரும் உலோக உடல்) மேல்முகம் 46 மிமீ வட்டமாகத் தெரியும். புதுத் துண்டின் 60 மிமீ தலையின் அடி, அண்ணன் சொன்ன தோள், அந்த முகத்தில் நேராக உட்காரும், 27.8 மிமீ தண்டு உள்ளே இறங்கி நடுவை மட்டும் காட்டும், அடியில் 50 மிமீ விட்டம் 6 மிமீ கனமான இரும்பு வாஷரை வைத்து எம்8 ஐ போல்ட்டால் (தலையில் வளையம் வைத்த 8 மிமீ போல்ட்) இறுக்கினால் வார்ப்பு நடுவில் மாட்டிக்கொண்டு உலோகத்தோடு உலோகம் பிடித்துக்கொள்ளும். ஐ போல்ட் போட்டதால் மணல் பையை மாட்ட வளையமும் கிடைத்துவிட்டது.

பழைய சாமான் கடையில் 65 மிமீ அலுமினிய ரவுண்டில் ஒரு வெட்டுத் துண்டு எடைக்கு வாங்கினேன், அரைக் கிலோ சொச்சம், 160 ரூபாய். கடையும்போது பக்கத்திலேயே நின்றிருந்தேன். தலையின் மேல்முகத்தைச் சீவும்போது அண்ணன் சொன்ன இன்னொன்றும் குறித்து வைக்க வேண்டியது: “நடுவுல ஒரு முடி கொறச்சு எடுத்தர்றேனுங்க, ஓரத்துல மட்டும் உக்காந்தாத்தான் ஆடாது.” அப்படியே நடுவில் 0.3 மிமீ பள்ளம் விட்டார். முழுத் தட்டையாகச் சீவினால் நடுவில் கொஞ்சம் மேடு இருந்தாலும் ஹெட் அதன் மேல் நின்றுகொண்டு ஆடும், ஓரம் மட்டும் தொட்டால் அந்தப் பிரச்சினையே வராது. கீழ்ப்பக்கத் தோளிலும் அதே பள்ளம்.

ஹெட் மாட்டும் திருகு பட்டறைப் பேச்சில் மூணு நூல், அதாவது 3/8 அங்குலம். கேமராப் பிளேட்டில் வருவது ரெண்டு நூல், கால் அங்குலம். அண்ணனிடம் இருந்தது விட்வொர்த் டேப், அதாவது பழைய பிரிட்டிஷ் அளவில் மரை போடும் கருவி, ட்ரைபாட் ஹெட்டுகளில் இப்போது வருவது அமெரிக்க யுஎன்சி மரை. இரண்டிலும் 3/8க்கு ஒரு அங்குலத்துக்கு 16 மரை, கால் அங்குலத்துக்கு 20, மரையின் கோணம்தான் 55 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் வித்தியாசம். இந்த வேலைக்கு அது தடையில்லை, கடையில் வாங்கிய சாதாரண மூணு நூல் போல்ட்டின் தலையை அறுத்து ஸ்டட் ஆக்கியது ஹெட்டில் கையாலேயே சுகமாக ஏறியது.

ஸ்டட்டின் நீளத்தில் ஒரு சிக்கல் இருந்தது. 14 மிமீ வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, ஹெட்டின் உள்ளே ஓட்டை அவ்வளவு ஆழமில்லை. இறுக்கினால் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஸ்டட்டின் நுனி ஓட்டையின் அடியில் முட்டி நிற்கிறது, ஹெட்டின் தட்டு நம் துண்டின் ஓரத்தில் உட்காரவே இல்லை. ஒரு பேப்பர்த் துண்டை இடையில் விட்டுப் பார்த்தேன், சுற்றிலும் சுலபமாக நுழைந்தது. ஸ்டட்டை அரத்தால் ராவி 9 மிமீ ஆக்கிய பிறகு பேப்பர் நுழையவில்லை. நீங்கள் எந்த ஹெட் மாற்றினாலும் இந்தப் பேப்பர் சோதனையைச் செய்து பாருங்கள், கடையில் வாங்கிய ட்ரைபாடுகளிலும் இது நடக்கக்கூடியதுதான். கடைசியாக ஸ்டட்டில் லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்கக் காய வைத்தேன். ட்ரைபாடின் வார்ப்பு முகத்தில் பெயின்ட் திட்டுத்திட்டாக இருந்தது, அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய எமரி ஷீட்டால் தேய்த்துச் சமமாக்கினேன்.

மறுபடி அதே மோட்டார் ரூம் சுவர், அதே தாள். ஹூடைத் தட்டினால் ஒன்றரை விநாடியில் எழுத்து நின்றுவிட்டது. உயரம்தான் போயிற்று, ஹெட் இல்லாமல் 160 செமீ வரை போன ட்ரைபாட் இப்போது 133. எடையும் குறையவில்லை, இரும்பு வாஷரோடு சேர்த்தால் ஏறக்குறைய பழைய தண்டின் எடையேதான். எனக்கு அது பரவாயில்லை, எப்படியும் லைவ் வியூ திரையைப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

லென்ஸ் அடிப் பிளேட்டுக்கு வருகிறேன். ஹெட்டின் கவ்வியில் நுழையும், 38 மிமீ அகலமான ஆர்க்கா வகைப் பிளேட்தான், 50 மிமீ நீளம், ஒரே திருகு, நடுவில் கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தது. அந்த ரப்பர் வழுக்காமல் இருக்கத்தான் போடுகிறார்கள், ஆனால் 2 கிலோ லென்ஸின் கனத்தில் அது அமுங்கி எழும்புகிறது, முறுக்கு வருவது அங்கேதான். அதற்குப் பதில் 120 மிமீ நீளப் பிளேட் 850 ரூபாய்க்கு வாங்கினேன், அதில் இருந்த ரப்பரையும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு லென்ஸ் அடியில் இரண்டு திருகு போட்டேன். நீளமான பிளேட்டில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, கேமராவையும் லென்ஸையும் முன்னே பின்னே நகர்த்தி எடை நடுவில் நிற்கும்படி வைக்கலாம். பால் ஹெட்டைத் தளர்த்தும்போது முன்பக்கம் குப்புறச் சாய்வதும் குறையும்.

இதற்குப் பிறகும் சில ஷட்டர் வேகங்களில் படம் கெட்டது. 1/15 விநாடியில் இரட்டைக் கோடு, 1/500இல் சுத்தம், ஒரு விநாடியிலும் ஏறக்குறைய சுத்தம். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் அறிந்ததுதான், உள்ளே கண்ணாடி மேலே தூக்கி அடிக்கும் அதிர்வு. மிக வேகமான ஷட்டரில் அது தெரிவதற்குள் படம் முடிந்துவிடும், ரொம்ப நேரம் திறந்திருந்தால் அதிர்வு அந்த நேரத்தில் ஒரு சிறு பங்குதான், இரண்டுக்கும் நடுவே, சுமாராக 1/4 முதல் 1/60 வரைக்கும்தான் ஆபத்து. லைவ் வியூவில் எடுத்தால் கண்ணாடி முன்பே தூக்கியிருக்கிறது, 1/15 படமும் சுத்தமாக வந்தது. 350 ரூபாய்க்கு ஒரு வயர் ரிமோட் வாங்கினேன், இரண்டு விநாடி டைமரும் இப்போது போதும். ஸ்டெபிலைசரை ஹெட்டைப் பூட்டி எடுக்கும்போது அணைத்துவிடுகிறேன், போட்டுவைத்தால் 10 மடங்கு திரையில் எழுத்து தானாக மெதுவாக நகர்வதைக் கண்ணாலேயே பார்த்தேன். ஹெட்டை லூசாக விட்டுப் பறவை பின்னால் போகும்போது மட்டும் போட்டுக்கொள்கிறேன்.

காற்றடிக்கும் நாளில் லென்ஸ் காலருக்கு நேர் மேலே ஒரு பையைப் போர்த்துகிறேன். பழைய ஜீன்ஸ் கால் துணி, உள்ளே ஒன்றரைக் கிலோ பருத்திக்கொட்டை, மாட்டுக்கு வாங்கி வைத்ததிலிருந்து எடுத்தது. மணலைவிட இது நல்லது, லென்ஸ் மேல் கசிந்தாலும் கீறாது, வளைவுக்குத் தகுந்தாற்போல் படிந்துகொள்ளும், ஆட்டத்தை அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. ஸ்ட்ராப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள், காற்றில் அது படபடவென்று அடிப்பதே 600இல் போதுமான கேடு.

இவ்வளவும் செய்துவிட்டு நஞ்சராயன் குளத்துக்குப் போய்க் காலை பத்து மணி வெயிலில் தூரத்து நாமக்கோழிக் கூட்டத்தை எடுத்தால், அத்தனை படமும் கலங்கல். 2024இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த குளம் அது, திருப்பூருக்குப் பக்கத்திலேயே இவ்வளவு பறவை கிடைப்பது பெரிய கொடுப்பினை, ஆனால் கரையிலிருந்து பறவைகள் ரொம்பத் தள்ளியே இருக்கும். வேகம் 1/1000, அங்கே ட்ரைபாட் ஆட்டத்துக்கு இடமே இல்லை. ஒரே பிரேமில் பத்துப் படம் தொடர்ச்சியாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒரு படத்தில் இடது பறவை வளைந்திருக்கிறது, அடுத்ததில் அது நேராகிவிட்டது, வலது பறவை வளைந்திருக்கிறது. இது கானல். நடுவில் இருக்கும் காற்று சூடாகி அலைகிறது, அதற்கு எந்த ட்ரைபாடும் எந்த லென்ஸும் பதில் சொல்லாது. இப்போது கலங்கின படத்தைப் பார்த்தவுடன் மூன்றாகப் பிரித்துவிடுகிறேன். பிரேம் முழுக்க எல்லாப் பொருளும் ஒரே திசையில் இரட்டித்திருந்தால் அதிர்வு. பொருள் மங்கியிருந்து அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு புல் ஷார்ப்பாக இருந்தால் ஃபோகஸ். இடத்துக்கு இடம் வேறு மாதிரி நெளிந்திருந்தால் கானல், கேமராவைப் பையில் போட்டுவிட்டு மறுநாள் சூரியன் எழுவதற்கு முன்னால் வர வேண்டியதுதான், அல்லது பறவைக்குப் பக்கத்தில் போக வழி பார்க்க வேண்டும். அதே குளத்தில் காலை ஆறரைக்கு எடுத்த கூழைக்கடாவின் அலகில் இருக்கும் நீலப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

நிலாவை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 600இல் என் சென்சாரில் நிலா ஒரு விநாடிக்குப் பதினொன்று, பன்னிரண்டு பிக்சல் நகர்கிறது. ட்ரைபாட் இருக்கிறதே என்று ஒரு விநாடி, அரை விநாடி திறந்தால் கட்டாயம் இழுபடும். 1/125க்குக் கீழே போகாதீர்கள்.

மேக்ரோவில் கதையே வேறு. சித்தப்பா தறிக் குடோனில் நெய்யும் துணிகளின் நெசவைப் பெரிதாக எடுத்துத் தர வேண்டியிருந்தது, நூல் எண்ணிப் பார்க்கும்படி, ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பொருளின் அசல் அளவே சென்சாரில் விழும்படி. வீடு குடோனை ஒட்டியது. அந்தப் பக்கம் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொரு தறியும் நிமிடத்துக்கு நூறு அடிக்கு மேல் அடிக்கிறது, தரையில் வெறுங்காலோடு நின்றாலே தெரியும். புதுத் துண்டு போட்ட ட்ரைபாட், லைவ் வியூ, ரிமோட் எல்லாம் இருந்தும் நூல் பட்டையாகத்தான் வந்தது. தரையோடு சேர்ந்து ட்ரைபாட் ஒரு மாதிரி ஆடுகிறது, மேஜையில் இருக்கும் துணி இன்னொரு மாதிரி ஆடுகிறது. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் அற்புதமாக வந்தது, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க முடியாது.

கால்களுக்கு அடியில் ரப்பர், பழைய டயர்த் துண்டு, மடித்த சாக்கு எல்லாம் வைத்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. அப்புறம்தான் எதிர்ப்பக்கமாக யோசித்தேன்: ஆட்டத்தை நிறுத்த முடியாவிட்டால் கேமராவும் துணியும் சேர்ந்தே ஆடட்டும், ஒன்றை விட்டு ஒன்று நகராமல் இருந்தால் போதும். சமையலறைக்கு வாங்கி மிஞ்சின கடப்பாக் கல் ஒன்று கிடந்தது, ரெண்டடிக்கு ரெண்டடி, 20 கிலோவுக்குப் பக்கம். கல் வேலைக்காரரிடம் 200 ரூபாய் கொடுத்து ஒரு ஓட்டை போட்டு, அடியிலிருந்து மூணு நூல் போல்ட் விட்டு, ட்ரைபாடின் பால் ஹெட்டைக் கழற்றிக் கல்லின் மேலேயே மாட்டினேன். எதிர்ப்பக்கம் எல் ஆங்கிள் வைத்து ஒரு பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, அதில் துணியை விறைப்பாக இழுத்துப் பின் அடித்தேன். கல்லுக்கு அடியில் நாலாக மடித்த சாக்கு. தறி எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, ஒரு விநாடி திறந்து எடுத்த படத்தில் நூலின் மேல் இருக்கும் பிசிறு தனித்தனியாக நிற்கிறது. ட்ரைபாடே இல்லாமல் எடுத்த இதுதான் என்னிடம் இருப்பதிலேயே ஷார்ப்பான படம்.

ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப்/8 (இந்த எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறிதாகும்) வைத்தால் ஷார்ப்பாக விழும் ஆழம் 0.6 மிமீ அளவுதான். துணி ஒரு ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே அந்தப் பக்கம் மங்கும். அதற்குக் கண்ணாடி ஒன்று உதவியது: ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணி மேல் ஒட்டினாற்போல் வைத்து, லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழும்வரை ஹெட்டைத் திருப்பிப் பூட்டினால் துணியும் சென்சாரும் இணையாகிவிடும். ஆழம் போதவில்லை என்று எஃப்/16க்குப் போகாதீர்கள், இந்த அளவில் நெருங்கும்போது எஃப்/8 என்பதே எஃப்/16 மாதிரி வேலை செய்கிறது, எஃப்/16 என்றால் எஃப்/32, நூலின் ஓரமெல்லாம் கரைந்துபோகும்.

50 லென்ஸுக்கு அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய தண்டு இருந்தபோதும் சரியாகத்தான் வந்தது, எஃப்/4 அல்லது 5.6இல் வைத்து, லைவ் வியூவில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்தால் போதும். காங்கேயம் காளையை எடுக்க ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு போவதில் பயனில்லை, அது தலையை ஆட்டுவதை நிறுத்த நம்மால் ஆகாது, ஷட்டர் வேகம்தான் வழி.

10-18 லென்ஸில் மூட்டு ஆட்டம் தெரியவே தெரியாது, அங்கே நிற்கும் இடம்தான் முக்கியம். அம்மா ஊர் சென்னிமலைப் பக்கம், எல்பிபி (கீழ்பவானி) வாய்க்கால் கரை. பவானிசாகரில் தொடங்கி 200 கிலோமீட்டர் ஓடிவரும் வாய்க்கால், தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் விடியற்காலையில் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டு எடுத்தால் தண்ணீர் பட்டாக விழும். 1/30 விநாடி இருந்த இடத்தில் 30 விநாடிக்கு மேல் திறக்க வேண்டும். பாலத்தின் மேல் நின்று எடுத்ததில் பால் வண்டி ஒன்று தாண்டியது, அந்தப் படம் அத்தோடு போயிற்று. கரைக்கு இறங்கி, தண்ணீரில் ஒரு காலை வைத்து எடுத்ததும் சரியில்லை, ஓடும் தண்ணீர் காலை விடாமல் நடுக்குகிறது. மூன்று காலும் கெட்டித் தரையில் வைத்த படம்தான் தேறியது. ஈரக் கரிசல் மண் என்றால் காலுக்கடியில் ஓட்டுச்சில்லு வைக்க வேண்டும், இல்லையென்றால் முப்பது விநாடிக்குள் மெல்ல இறங்கிவிடும். ஃபோகஸை ஃபில்டர் போடும் முன்பே வைத்துப் பூட்டிவிடுங்கள், 10 மிமீயில் எஃப்/8 என்றால் ஒன்றரை மீட்டரில் வைத்தாலே தூரத்து மலைவரை வந்துவிடுகிறது. டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டரை ஒரு துணியால் மூடுவதும் அவசியம், பின்னாலிருந்து வெளிச்சம் புகுந்து படத்தில் சிவப்புத் திட்டு விழும்.

செலவு: அலுமினியம் 160, கடைசல் கூலி 450, போல்ட் வாஷர் சாமான் 90, ஆக துண்டுக்கு 700. நீளப் பிளேட் 850, ரிமோட் 350, கல்லில் ஓட்டை 200. மொத்தம் 2,100 ரூபாய்.

அடுத்த துண்டு கடைந்தால் இரண்டு மாற்றம் செய்வேன். ஸ்டட்டை இரும்புக்குப் பதில் ஸ்டெயின்லெஸில் போடுவேன், வாய்க்கால் ஈரத்தில் இப்போதே துரு எட்டிப் பார்க்கிறது. தலையின் ஓரத்தில் ஒரு எம்4 கிரப் ஸ்க்ரூவுக்கு (தலையில்லாத சின்னத் திருகு) மரை போட்டு ஹெட்டைக் கீழிருந்து பூட்டுவேன், 600 லென்ஸை மாட்டித் திருப்பும்போது ஹெட் சில சமயம் ஸ்டட்டில் இருந்து கொஞ்சம் கழன்று கொடுக்கிறது. நீங்கள் செய்வதானால் என் அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஒவ்வொரு ட்ரைபாடிலும் தண்டின் விட்டம் வேறு. தண்டை உருவி மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் வெர்னியர் வைத்துப் பாருங்கள், லாக் வளையத்தைக் கழற்றி வார்ப்பு முகத்தின் விட்டத்தையும் அடியில் வாஷர் உட்காரச் சமமான இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். முடிந்தால் ட்ரைபாடையே பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள், கடைபவர் கையில் அது இருந்தால் அளவு தவறாது.